இரண்டாவது கையெழுத்து

2021 ஆகஸ்டில் ஒரு நாள், வங்கியின் கடன் பிரிவில், எனக்கு நீட்டிய பேனாவை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் பெயருக்குக் கீழே ‘இணைக் கடன்தாரர்’ என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள்.

“ஒரு வாரம் டைம் குடுங்க சார்” என்றேன்.

அலுவலர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார்.

அது எங்கள் வீட்டுக் கடனை மறுசீரமைப்பதற்கான விண்ணப்பம். கொரோனாவில் தவணை கட்ட முடியாமல் போனவர்களுக்காக ரிசர்வ் வங்கி கொடுத்திருந்த வழி. அதில் கையெழுத்துப் போட்டால் மாதத் தவணை குறையும், வீடு தப்பிக்கும். போடாவிட்டால் அடுத்து நோட்டீஸ். இது தெரிந்தும்தான் நான் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது நியாயமா என்று இன்றுவரை எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். அந்த வாதம்தான் இந்தக் கட்டுரை. அதற்குள் போகுமுன் இன்னொரு கேள்வியைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டின் கடன் நிலுவையில் விழும்போது அரசு கை கொடுக்கிறது என்றால், அந்த வீட்டில் யாருடைய கையைப் பிடிக்கிறது?

*

எங்களுக்குக் கோவை. கணவருக்குக் கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. பம்ப் செட் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். நான் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். 2015இல் வீடு கட்ட 20 லட்சம் ரூபாய் கடன் கேட்டுப் போனோம். பட்டறை வருமானம் என் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் காகிதத்தில் அது முழுதாகத் தெரியாது. என் சம்பளம் குறைவு. ஆனால் மாதாமாதம் சம்பளச் சீட்டு உண்டு. “மேடத்தையும் கோ-அப்ளிகன்ட்டா சேத்துக்கிட்டா எலிஜிபிலிட்டி வந்துரும்” என்றார் அன்றிருந்த அலுவலர். சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் போட்ட 25 பவுனில் 12 பவுன், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே விற்று முன்பணமாகிவிட்டிருந்தது.

மனை ஐந்து சென்ட். மாமனார் தன் மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. அதனால் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும்தான். அன்று எனக்கு அது உறுத்தவில்லை. பெயரில் என்ன இருக்கிறது, நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழேதானே இருக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

வீட்டுக் கடனில் பொதுவாக ஒரு நடைமுறை இருக்கிறது. வீட்டுக்கு உரிமையாளர்கள் இரண்டு பேர் என்றால் இருவரும் கடனிலும் சேர்ந்தாக வேண்டும். ஆனால் கடனில் சேரும் இருவரும் உரிமையாளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வங்கியின் பார்வையில் இதில் தவறே கிடையாது. அடமானமாக வரும் சொத்தில் பங்குள்ள ஒருவர் கடனுக்கு வெளியே நின்றால் வங்கிக்கு ஆபத்து. கடனுக்குள் இருக்கும் ஒருவருக்குச் சொத்தில் பங்கு இல்லாவிட்டால் ஆபத்து அந்த ஒருவருக்கு மட்டும்தான். அந்த ஒருவர் பெரும்பாலும் யாராக இருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணக்கு டீச்சராக இருந்தும் இந்தச் சமன்பாட்டை ஆறு வருடம் கழித்துத்தான் நான் கவனித்தேன்.

*

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு வந்தது. மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பை அறிவித்தது. மார்ச் 1 முதல் மே 31 வரை மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை இன்னும் மூன்று மாதம். பட்டறையில் மோட்டார் ஓடவில்லை. பள்ளியில் பாதிச் சம்பளம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அறிவிப்பு மூச்சு விட இடம் கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒத்திவைப்பு வேண்டுமா என்று கேட்டு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் கணவரின் கைபேசிக்கு வந்தது. அவர் ‘வேண்டும்’ என்று பதில் அனுப்பினார். அனுப்பிய பிறகு என்னிடம் சொன்னார். அந்தக் கடனில் நானும் ஆள்தான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. வங்கியும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பேன்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடுகிறேன். அப்போது எங்கள் கடனில் பாக்கி 18 லட்சம் ரூபாய். வட்டி எட்டரை சதவீதம். மீதிக் காலம் 15 வருடம், அதாவது 180 தவணை. மாதத் தவணை 17,725 ரூபாய். ஆறு மாதம் கட்டாமல் விட்டதில் கையில் நின்றது 1,06,350 ரூபாய். அந்த ஆறு மாதமும் வட்டி நிற்கவில்லை. அது அசலோடு சேர்ந்துகொண்டது. தவணைத் தொகையை உயர்த்தாமல் காலத்தை நீட்டினால், வட்டி விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டால், 180 தவணை 196 தவணைக்கு மேல் போகிறது. கூடுதலாகக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 2,95,000 ரூபாய். ஆறு மாதம் ஓய்வெடுத்ததற்கு, கடன் முடிகிற நாள் 23 மாதம் தள்ளிப் போகிறது.

இதே மார்ச் 27ஆம் தேதிதான் அமெரிக்காவிலும் கொரோனா நிவாரணச் சட்டம் கையெழுத்தானது. கூட்டரசின் ஆதரவுள்ள வீட்டுக் கடன்களுக்கு 180 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 180 நாள் ஒத்திவைப்பு. உரிய காலத்தில் கட்டியிருந்தால் எவ்வளவு வட்டி ஆகியிருக்குமோ அதற்கு மேல் வட்டியோ அபராதமோ ஏறக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு நாடுகள் கடன்காரர்களுக்கு நேரம் கொடுத்தன. ஒன்று அந்த நேரத்துக்கு வாடகை வாங்கியது, மற்றொன்று வாங்கவில்லை. ஆகவே வாடகை வாங்குவது இயற்கை விதி இல்லை. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன், செய்து தீர வேண்டிய கடமையும் கடன். முதல் வகைக் கடனுக்கு அந்த ஆறு மாதம் ஒத்திவைப்பு கிடைத்தது. இரண்டாவது வகைக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள், மூன்று வேளையும் சமையல். மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்குத் தனிச் சாப்பாடு. ஒரே கைபேசியில் மகளுக்கு வகுப்பு, அது முடிந்ததும் என் மாணவர்களுக்கு வகுப்பு. வெளியில் வாங்கியதையெல்லாம் நிறுத்தி வீட்டிலேயே செய்துகொண்டோம். ‘செய்துகொண்டோம்’ என்று பன்மையில் சொல்வது பழக்கதோஷம். குடும்பம் சிக்கனமாக இருந்தது என்றால், அந்தச் சிக்கனத்தை யாரோ ஒருத்தி தன் உடம்பால் செய்திருக்கிறாள் என்று பொருள். வங்கிக்குக் கட்டாமல் நின்ற 1,06,350 ரூபாயைக் கணக்கில் காட்டலாம். இதை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது.

*

ஒத்திவைப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி போடுவது நியாயமா என்று சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2020 அக்டோபர் 23ஆம் தேதி, மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. 2 கோடி ரூபாய் வரை கடன் உள்ளவர்களுக்கு, அந்த ஆறு மாதத்துக்கான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கொடுக்கும். திட்டத்தின் பெயரிலேயே கருணைத் தொகை என்று இருந்தது. எங்கள் கடனுக்குத் தனி வட்டி 76,500 ரூபாய். கூட்டு வட்டி 77,868 ரூபாய். கருணை 1,368 ரூபாய்.

அந்தத் தொகையைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் திட்டத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஒத்திவைப்பு வாங்காமல் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் அது கிடைத்தது. என் பள்ளியில் இன்னொரு டீச்சர் கடன் வாங்கி, சீட்டு எடுத்து, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார். “கட்டாதவங்களுக்குச் சலுகை, கட்டினவங்களுக்கு என்ன?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எந்தக் கடன் நிவாரணத்தையும் துரத்தி வரும் கேள்வி அது. அரசு அதற்குப் பதில் தேடவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்துக் கேள்வியைக் கடந்துவிட்டது.

பதில் உண்மையிலேயே கடினமானது. 2021 மார்ச் 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடன் தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது நீதிமன்றம். வட்டியையே முழுதாகத் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. பணம் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் வங்கி வட்டி கொடுத்தாக வேண்டும் என்று காரணம் சொன்னது. செய்தியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உடனே பெரியம்மா ஞாபகம் வந்தார். பெரியப்பா போன பிறகு, வைப்புத்தொகை வட்டியில்தான் மாத்திரை வாங்குகிறார். என் வட்டியை நிறுத்தினால் அவர் வட்டி எங்கிருந்து வரும்? ஒரு பெண்ணின் நிவாரணம் இன்னொரு பெண்ணின் மருந்துச் செலவாக இருக்கும்போது பெண்ணியம் யார் பக்கம் நிற்கும்?

கீழே இன்னொருவரும் இருந்தார். எங்கள் பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்த அக்கா, லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர். எங்களுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று 2020 மார்ச் 29ஆம் தேதி உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. ஒரே ஒரு மாதம். அந்த உத்தரவைப் பற்றி நான் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. “அதைப் போயி நான் வீட்டுக்காரம்மாகிட்டக் காட்ட முடியுமா டீச்சர்? அடுத்த மாசம் எங்க போறது?” என்றார். வீடு உள்ளவர்களின் கடனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக் கடன் நிவாரணம் என்பது, ஏற்கெனவே ஒரு படி ஏறியவர்கள் சறுக்காமல் இருக்கக் கொடுக்கும் கை. தரையில் நிற்பவர்களுக்கு அது எட்டுவதில்லை.

இந்த மூன்று பெண்களையும் பார்த்த பிறகும் நிவாரணம் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரடங்கு எங்களில் யாருடைய தவறும் இல்லை. ஊர் முழுவதற்கும் வந்த இழப்பை, தவணை தேதி யாருக்கு வருகிறதோ அவர் தலையில் மட்டும் வைப்பது அநியாயம். பெரியம்மாவின் தலையில் வைப்பதும் அநியாயம். எல்லோருக்கும் பொதுவான ஒரு கை இருக்கிறது, அது அரசின் கை. இழப்பை எல்லோருக்கும் பங்கிட்டுச் சுமக்கக்கூடியது அதுதான். அரசு அப்படிச் சுமந்ததா, அல்லது சுமப்பதற்கு வேறு ஆளைக் காட்டியதா என்பதுதான் நான் கேட்பது.

*

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி இரண்டு விஷயங்களைச் சேர்த்து அறிவித்தது. ஒன்று, கொரோனாவால் பாதிக்கப்பட்டவர்களின் கடனை மறுசீரமைக்க வழி. இன்னொன்று, வங்கிகள் கொடுக்கும் நகைக் கடன் பற்றியது. அதுவரை நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று இருந்தது. அதை 2021 மார்ச் 31 வரை 90 சதவீதமாக உயர்த்தினார்கள்.

இரண்டும் ஒரே நாளில் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் இரண்டாவதைத்தான் நாங்கள் முதலில் பயன்படுத்தினோம். செப்டம்பரில் தவணை மறுபடி தொடங்கியது. அக்டோபரில் என்னிடம் மீதியிருந்த 13 பவுனில் 9 பவுன் வங்கிக்குப் போனது. அடுத்த சில மாதத் தவணைகளை அந்த நகைதான் கட்டியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர்களுக்கு அரசு செய்த உதவியில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அரசிடமிருந்து எனக்கு வந்த பணம் 1,368 ரூபாய். வீட்டைத் தாங்கிய பணம் என் கழுத்திலிருந்து வந்தது. அரசு செய்ததெல்லாம், என் நகைக்கு 75க்குப் பதிலாக 90 கொடுக்கலாம் என்று கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டதுதான். அந்த நகை போய் நின்ற வீட்டின் பத்திரத்தில் என் பெயர் இல்லை. அரசின் எந்தக் காகிதமும் அதைக் கேட்கவில்லை.

கேட்கத் தெரியாத அரசு என்று சொல்ல முடியாது. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், மத்திய உதவியோடு கட்டும் வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெண்கள் பெயரில் வாங்கினால் பல வங்கிகள் வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீடு வாங்கும் நாளில் பெண்ணின் பெயருக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த வீடு நிலுவையில் விழும் நாளில் அந்தக் கவனம் காணாமல் போகிறது. மறுசீரமைப்பு விண்ணப்பத்தில் என் வருமானம் கேட்டார்கள், என் சம்பளக் குறைப்புக்குச் சான்று கேட்டார்கள், என் கையெழுத்தைக் கேட்டார்கள். நான் அந்த வீட்டுக்கு யார் என்று மட்டும் கேட்கவில்லை.

நான் கடனிலாவது இருந்தேன். கடனிலும் இல்லாமல் பத்திரத்திலும் இல்லாமல் வீட்டில் மட்டும் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். தவணை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். பிறகு வீட்டைக் கைப்பற்றலாம். அந்த நோட்டீஸ் கடன்தாரருக்கும் ஜாமீன்தாரருக்கும் போகும். மனைவி என்பதற்காக யாருக்கும் போகாது. கணவர் நோட்டீஸை மறைத்து வைத்தால், சுவாதீன அறிவிப்பை வாசலில் ஒட்டி, பத்திரிகையில் போடும் நாளில்தான் அவளுக்குத் தெரியும். தெருவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஒத்திவைப்பு வழக்கை விசாரித்த அதே மூன்று நீதிபதிகள் அமர்வுதான் 2020 அக்டோபர் 15ஆம் தேதி வேறொரு தீர்ப்பையும் கொடுத்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதில் குடியிருக்கும் உரிமையை அவள் கோரலாம் என்றது அந்தத் தீர்ப்பு. முக்கியமான தீர்ப்பு. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், வாழ்ந்தவளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் உண்டு என்று ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டம் கணவனையும் அவன் வீட்டாரையும் பார்த்துப் பேசுகிறது. வங்கியைப் பார்த்துப் பேசவில்லை. ஒரே நீதிமன்ற அறையில், சில மாத இடைவெளியில், இரண்டு பேரைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் வாழ்பவள் ஒருத்தி, வீட்டுக் கடனைக் கட்டுபவர் ஒருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு சட்டங்களிலும் இடமில்லை.

*

இனி அந்த ஒரு வாரம்.

இரண்டாம் அலையில் பட்டறை மறுபடி நின்றது. 2021 மே 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி இரண்டாவது முறையாக மறுசீரமைப்பு வழியைத் திறந்தது. செப்டம்பர் 30க்குள் முடிவாக வேண்டும். நிலுவை ஏறிக்கொண்டிருந்தபோது வசூல்காரர்களின் அழைப்புகள் எனக்குத்தான் அதிகம் வந்தன. ஒத்திவைப்பு வேண்டுமா என்று கேட்க என் எண் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஏன் கட்டவில்லை என்று கேட்கக் கிடைத்துவிட்டது. பள்ளி நேரத்தில் வரும். ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்துவிட்டேன். அந்தப் பையன் சொன்ன வார்த்தையை அந்தப் பக்கம் இருந்த குழந்தைகள் கேட்டிருப்பார்களோ என்று நான் பல நாள் தூங்கவில்லை.

அப்படிப்பட்ட நிலையில்தான் நான் கையெழுத்துக்கு நிபந்தனை வைத்தேன். பத்திரத்தில் பாதி என் பெயருக்கு வர வேண்டும், பிறகு போடுகிறேன்.

“என்னை நம்பலையா?” என்றார் கணவர். அவரைக் குற்றவாளி ஆக்க நான் விரும்பவில்லை. குடிக்காதவர், கை நீட்டாதவர். அந்த மாதங்களில் அவர் மொட்டை மாடியில் இரவெல்லாம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நம்பாமல் இல்லை. ஆனால் வங்கி எங்களை நம்பித்தான் கடன் கொடுத்தது, அப்படியும் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டது. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி காகிதம் கேட்டால் மட்டும் அது ஏன் சந்தேகமாகிறது?

அத்தை என்னிடம் நேரடியாகப் பேசியது நாலாவது நாள் இரவு. “வீடு போற நேரத்துல வீட்டுல பங்கு கேக்கறயே அம்மணி” என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “இந்த அஞ்சு சென்ட்டு யாரு காசுன்னு நெனச்ச? என்ற எருமைப் பால் காசு. பத்து வருசம் விடியக்காலம் எந்திரிச்சுப் பீச்சி ஊத்துன காசு. உங்க மாமன் பேருலதான் கெரயம் பண்ணுனாங்க. நான் கேட்டனா?” என்றார்.

எனக்கு எதிராகச் சொன்ன வாதம்தான் அது. நான் அதை வேறு மாதிரிக் கேட்டேன். மாமனார் மகனுக்கு எழுதிக் கொடுத்த மனை உண்மையில் அத்தையுடையது. ஒரு தலைமுறையில் அத்தையின் பால் காசு, அடுத்த தலைமுறையில் என் நகையும் சம்பளமும். இரண்டும் ஒரே பத்திரத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன, இரண்டு முறையும் எங்கள் பெயர் இல்லாமல். “நீங்க கேட்டிருக்கணும் அத்தை” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தார்.

இப்போது அந்த நியாயக் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் இக்கட்டில் இருக்கும்போது அவரிடம் பேரம் பேசுவது தவறு என்று நானும் நம்புகிறேன். கந்துவட்டிக்காரர்களை நாம் வெறுப்பது அதனால்தான். என் கையெழுத்து இல்லாமல் வீடு தப்பாது என்று தெரிந்து நான் விலை வைத்தேன். அது வேறா?

வேறு என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பேரம் பேசுபவர் தன்னுடையது அல்லாததைக் கேட்கிறார். நான் கேட்டது நான் ஏற்கெனவே கொடுத்ததற்கான அத்தாட்சி. 2015இல் என் சம்பளச் சீட்டு இல்லாமல் கடன் கிடைக்காது என்ற இக்கட்டு என் முன் வைக்கப்பட்டது. அன்று யாரும் அதைப் பேரம் என்று சொல்லவில்லை, குடும்பம் என்றார்கள். நல்ல காலத்தில் கேட்டால் “இப்ப என்ன அவசரம்” என்பார்கள், கெட்ட காலத்தில் கேட்டால் “இப்பவா கேக்கறது” என்பார்கள். பெண் கேட்பதற்கு உரிய காலம் எது என்று யாரும் சொன்னதில்லை.

இந்தக் காரணம் சரிதான். ஆனாலும் அது என்னை முழுதாக விடுவிக்கவில்லை. அந்த வாரம் என் கணவரின் பயத்தை நான் ஆயுதமாகப் பிடித்திருந்தேன். அதை நான் அறிந்தே செய்தேன். என் உரிமையை வாங்க இன்னொருவரின் பயம் தேவைப்பட்ட இடத்துக்கு நான் தள்ளப்பட்டதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு வரி விதி இருந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது. கடனைக் கட்டுகிற இணைக் கடன்தாரர் பத்திரத்தில் இல்லையென்றால், மறுசீரமைப்போடு சேர்த்து முத்திரைத்தாள் செலவில்லாமல் அவர் பெயரும் ஏற வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அப்போது நான் என் கணவரிடம் கேட்க வேண்டியிருக்காது. அவரும் எனக்குக் கொடுத்ததாக நினைக்க வேண்டியிருக்காது.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம். பெயர் ஏறினால் மட்டும் அதிகாரம் வந்துவிடுமா? வட்டிச் சலுகைக்காக மனைவி பெயரில் பதிந்துவிட்டு, அவளுக்கு வீட்டுச் சாவியைக்கூடத் தராதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பெயர் எல்லாவற்றையும் தராது. ஆனால் பெயர் இல்லாதவளுக்கு நோட்டீஸ்கூட வராது.

*

ஏழாவது நாள் கணவர் சரி என்றார். இருவரும் வங்கிக்குப் போனோம். பத்திரம் அடமானத்தில் இருப்பதால் வங்கியின் சம்மதம் இல்லாமல் உரிமையை மாற்ற முடியாது, கடன் முடியும்வரை சம்மதம் தரும் வழக்கமும் இங்கே இல்லை என்றார் அலுவலர். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். வீடு தப்பியது. தவணை குறைந்தது, காலம் இன்னும் இரண்டு வருடம் நீண்டது. கணக்குப்படி 2039 தொடக்கத்தில் கடன் முடியும். எனக்கு அப்போது 57 வயது. கணவர் வீட்டை என் பெயருக்கும் மகள் பெயருக்கும் உயில் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். அன்போடுதான் செய்தார். ஆனால் உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், அவர் காலத்துக்குப் பிறகுதான் அது பேசும். என் வீடு எனக்கு வர, நான் அவருடைய மரணத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு மனைவிக்குக் கொடுக்கக்கூடிய நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் தவணையில் என் சம்பளத்திலிருந்து எவ்வளவு போனது என்று தேதியோடு எழுதுகிறேன். நகை விற்ற ரசீது, அடகு வைத்த ரசீது எல்லாவற்றையும் அதில் ஒட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அத்தையிடம் கேட்டுக் கேட்டு, எத்தனை எருமை, எத்தனை வருடம், லிட்டர் என்ன விலை என்று எழுதினேன். சட்டத்தின் முன் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பது என் கவலை இல்லை. போன மாதம் என் மகள் அதை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, அப்பத்தாகிட்ட யாராச்சும் கையெழுத்து கேட்டாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப நீ பரவால்ல” என்றாள்.

பரவாயில்லைதான். என்னிடம் கையெழுத்தாவது கேட்டார்கள். அவளிடம் கேட்கும் நாளில், எதற்குக் கையெழுத்து, எதில் பங்கு என்று அவள் முதல் நாளே கேட்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்காமலே அந்தப் படிவத்தில் அந்த வரி இருக்க வேண்டும்.